வீட்டுப் பள்ளிக்கூடம்: அப்பத்தாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இலக்கணம்

"எனக்கே இங்கிலீஷ் வராது. பையனுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?"

தாய்மார்களில் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கணக்குப் பாடமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்பார்கள். தமிழ்ச் செய்யுளென்றால் புத்தகத்தைக் கையில் வாங்கிக் கொண்டு ஒப்பிக்கச் சொல்வார்கள். இங்கிலீஷ் புத்தகம் பையிலிருந்து வெளியே தலை நீட்டியதும் மட்டும் அடுப்பங்கரையில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிடும்; அவசரமாக எழுந்து போய்விடுவார்கள். மிச்சத்தை டியூஷன் வாத்தியார் பார்த்துக் கொள்வார்.

டியூஷன் வைப்பதில் தப்பில்லை. ஆனால் அம்மா எழுந்து போவதைக் குழந்தை பார்த்துக் கொண்டுதான் இருக்கிறது. "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால், அப்புறம் மார்க் குறைந்த விடைத்தாளை அவளிடம் காட்ட மாட்டான். சந்தேகம் வந்தால் கேட்கவும் மாட்டான். நஷ்டம் மார்க்கோடு நிற்பதில்லை.

ஆகையால் இந்த வாரம் ஒரு விஷயத்தைத் துணிந்து சொல்லப் போகிறேன். இங்கிலீஷ் பரீட்சையில் கேட்கும் இலக்கணத்தில் ஒரு பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தமிழைப் பிள்ளைக்கு எடுத்துக் காட்டினால், பாதிப் பயம் அன்றைக்கே ஓடிவிடும்.

ஒரு தாள், ஒரு தலையெழுத்து

பரீட்சையில் இங்கிலீஷ் படுத்தும் பாடு புதிதல்ல. கணித மேதை ராமானுஜன் 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் தேறவில்லை; உபகாரச் சம்பளம் போயிற்று. வீட்டிலோ வறுமை. பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். அதே ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் எந்தப் பாஷையில் இருந்தது? இங்கிலீஷில்தான். ஆக, அவருக்கு அந்தப் பாஷை வரவே வராது என்பதில்லை. பரீட்சை கேட்ட மாதிரி எழுத அந்த வயதில் வரவில்லை. இடையில் தொலைந்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும் பத்தாம் வகுப்புப் பரீட்சையில், 2019–20 பள்ளி ஆண்டிலிருந்து இங்கிலீஷுக்கு ஒரே தாள்தான். முன்பு இரண்டு இருந்தன. நூறு மார்க், தேறுவதற்கு முப்பத்தைந்து. பாடக் கேள்விகளுக்கு நடுவே இலக்கணக் கேள்விகள் வரும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதாக மாற்று, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, குறியீடுகள் இடு, இரண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சேர். பிறகு, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, படித்துப் பார்த்து விடை எழுதச் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செய்வினை, செயப்பாட்டுவினை, நேர்கூற்று, அயற்கூற்று, கலவை வாக்கியம் என்று தமிழ் ஐயா ஒரு மணி நேரம் நடத்திவிட்டுப் போகிறார். அடுத்த மணியில் இங்கிலீஷ் டீச்சர் வந்து ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ், டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச், காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ் என்று நடத்துகிறார். இரண்டும் ஒரே சரக்கு என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான்.

தவலை சொல்லித் தரும் பாடம்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வளவில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா பேரனைக் கூப்பிடுகிறார்.

"அடுத்த தெரு ஆச்சிகிட்டப் போயி, 'நாளைக்கு நான் இங்கனதான் இருப்பேன். நீ வந்து இந்தத் தவலையை எடுத்துக்கிட்டுப் போ'ன்னு சொல்லிட்டு வா."

பேரன் ஓடுகிறான். அங்கே போய் என்ன சொல்கிறான்?

"ஆச்சி, அப்பத்தா நாளைக்கு அங்கனதான் இருப்பாகளாம். உங்களை வந்து அந்தத் தவலையை எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாக."

அவ்வளவுதான். டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக ஒரு தப்பும் இல்லாமல் மாற்றிவிட்டான். இதே பையன் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்வியைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பான்!

அவன் என்னென்ன மாற்றினான் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'நான்' என்பது 'அப்பத்தா' ஆயிற்று. 'நீ' என்பது 'உங்களை' ஆயிற்று. 'இங்கன' போய் 'அங்கன' வந்தது. 'இந்த' போய் 'அந்த' வந்தது. 'போ' என்ற கட்டளை 'போகச் சொன்னாக' ஆயிற்று. 'இருப்பேன்' என்பதற்கு 'ஆம்' என்று ஒரு வால் முளைத்தது. 'நானாகச் சொல்லவில்லை, சொன்னதைச் சொல்கிறேன்' என்பதற்கு அந்த வால் சாட்சி.

இங்கிலீஷிலும் இதே மாற்றங்கள்தான். 'ஐ' என்பது 'ஷி' ஆகும். 'ஹியர்' என்பது 'தேர்' ஆகும். 'திஸ்' என்பது 'தட்' ஆகும். 'நௌ' என்பது 'தென்' ஆகும். குழந்தைகள் இதை ஒரு பட்டியலாக உருப்போடுகிறார்கள். பரீட்சையன்று பட்டியலில் பாதி மறந்து போகிறது. தமிழில் பட்டியலே வேண்டாம். இங்கே–அங்கே, இது–அது, இப்போது–அப்போது, இன்று–அன்று: இகரம் இருந்த இடத்தில் அகரம் வந்தால் தீர்ந்தது. கிட்டத்தில் இருப்பதைச் சுட்ட 'இ'. எட்டத்தில் இருப்பதைச் சுட்ட 'அ'. "தமிழில் 'இ' போய் 'அ' வருகிற இடமெல்லாம் இங்கிலீஷிலும் சொல் மாறும்" என்று ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள். பிள்ளை மறக்கவே மாட்டான்.

'நாளைக்கு' மட்டும் ஏன் மாறவில்லை என்று கெட்டிக்காரக் குழந்தை கேட்கும். சேதியை அன்றைக்கே போய்ச் சொன்னதால் நாளை நாளையாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் 'மறுநாள்' என்றிருப்பான். பரீட்சையில், சேதி பழசாகிவிட்டது என்றே வைத்துக் கொள்ள வேண்டும். ஆகவே 'டுமாரோ' என்பதை 'த நெக்ஸ்ட் டே' என்று மாற்றிவிடுவதுதான் பத்திரம்.

கட்டளைக்கு 'போகச் சொன்னார்' என்கிறோம் அல்லவா? இங்கிலீஷில் 'டோல்ட் ஹர் டு கோ' என்பதும் அதே அமைப்புத்தான். கேள்வி வந்தாலும் கவலை இல்லை. "எங்கே போகிறாய்?" என்று மாமா கேட்டார். இதை மாற்றினால், 'நான் எங்கே போகிறேன் என்று மாமா கேட்டார்.' தமிழில் சொற்கள் சாதாரண வாக்கியத்தில் நிற்பது போலவே வரிசையாக நிற்கின்றன. இங்கிலீஷிலும் மாற்றி எழுதும்போது வரிசை சாதாரண வாக்கியம் போல நிமிர்ந்துவிட வேண்டும். 'வேர் ஐ வாஸ் கோயிங்'. பல பிள்ளைகள் கேள்வியின் வரிசையை விடாமல் 'வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதி மார்க்கை இழக்கிறார்கள். "வருகிறாயா?" என்பது போல ஆகாரத்தில் முடிகிற கேள்வியானால் நடுவில் 'இஃப்' என்ற சொல்லைப் போட்டால் போதும்.

ஒன்றில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. இங்கிலீஷில், சொன்னது நேற்று என்றால் உள்ளே இருக்கும் வினைச்சொல்லும் ஓர் அடி பின்னால் போய் நிற்க வேண்டும். 'யாம்' என்பது 'வாஸ்' ஆகும். 'வில்' என்பது 'வுட்' ஆகும். தமிழில் இந்தப் பழக்கம் இல்லை; அதனால்தான் நம் பிள்ளைகள் அதிகமாகத் தவறு செய்யும் இடமும் இதுவே. "மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், புதிதாகக் கற்க வேண்டியது இந்த ஒன்றுதான்" என்று சொல்லிப் பாருங்கள். மலையாகத் தெரிந்தது மேடாகிவிடும். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது போன்ற எந்நாளும் மாறாத உண்மைகளுக்கு இந்த அடி பின்வைக்கும் சிரமம்கூடத் தேவையில்லை.

தலையும் வாலும்

அடுத்தது மேற்கோள் குறி. ஒரு நீள வாக்கியத்தைக் குறியே இல்லாமல் கொடுத்து, வேண்டிய குறிகளைப் போடு என்பார்கள். எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

நம் முன்னோர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஓலைச் சுவடியில் மேற்கோள் குறி இல்லை. அச்சுப் புத்தகம் வந்த பிறகுதான் இந்தக் குறிகள் நம்மிடம் வந்து குடியேறின. அதற்கு முன்பு அந்த வேலையை 'என்று' என்ற ஒரு சிறிய சொல்லே செய்து கொண்டிருந்தது. 'என' என்ற சொல் என்னென்ன பொருளில் வரும் என்று தொல்காப்பியர் ஆறு வகையாகப் பிரித்துச் சொல்லி, 'என்று' என்பதும் அப்படியே என்று சேர்த்திருக்கிறார். அவ்வளவு மரியாதை அதற்கு!

தமிழில் 'என்று' வாக்கியத்தின் வாலில் வந்து, பிறர் சொன்ன சொல் இத்தோடு முடிந்தது என்று காட்டுகிறது. இங்கிலீஷில் 'தட்' என்ற சொல் தலையில் வந்து, பிறர் சொன்னது இனிமேல் வருகிறது என்று முன்கூட்டியே கட்டியம் கூறுகிறது. தலைக்கும் வாலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தவிர வேலை ஒன்றுதான்.

ஆகவே குறி போட வேண்டிய வாக்கியத்தைப் பிள்ளை முதலில் தமிழில் சொல்லட்டும். 'என்று' என்பது எங்கே வருகிறதோ, அதற்கு முன்னால் அந்த ஆள் வாயிலிருந்து வந்த சொற்கள் எவையோ, அவையெல்லாம் குறிக்குள்ளே. மற்றவை வெளியே. இது தெரிந்துவிட்டால் மீதி சில்லறை வேலை: 'ஸெட்' என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி, குறியைத் திறந்ததும் முதல் எழுத்துப் பெரிய எழுத்து, முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ குறிக்கு உள்ளேயே வைத்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்த வேண்டும்.

இந்த 'என்று' வெறும் இலக்கண விவகாரம்தானா? காரைக்குடிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ. சுப. மாணிக்கம், சிறு வயதிலேயே பர்மாவுக்குப் போய் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஒரு சமயம், வரி அதிகாரி வந்தால் பொய் சொல்லும்படி முதலாளி சொன்னாராம். பையன் மறுத்துவிட்டான். அதனால் வேலை போயிற்று. 'பொய் சொல்லா மாணிக்கம்' என்ற பட்டம் கிடைத்தது என்று சொல்வார்கள்.

இலக்கணக் கண்ணாடி போட்டுக் கொண்டு பாருங்கள். கடைக்காரர்களும் கடன்காரர்களும் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்வது உலக வழக்கம். "முதலாளி இல்லை" என்றால் பொய். "முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்" என்றால் அத்தனையும் மெய்! நடுவில் ஓர் 'என்று' வந்ததும் பொய் மெய்யாகிவிட்டது. நம் வீட்டுக் குழந்தைகளும் வாசலில் நின்று, "அப்பா வீட்டில் இல்லைன்னு அப்பா சொல்லச் சொன்னாங்க" என்று மானத்தை வாங்குவது உண்டு அல்லவா? அடிக்காதீர்கள். பிள்ளைக்கு அயற்கூற்று நன்றாக வருகிறது.

யார் சொன்னது, எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது என்று பிரித்துக் காட்டும் நாணயம்தான் மேற்கோள். கட்டுரை எழுதும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள். பத்துப் பொன்மொழிகளை மனப்பாடம் செய்து கொண்டு, தேர் என்றாலும் திருவிழா என்றாலும் அவற்றையே வாரி இறைக்கிறார்கள். காந்தி சொல்லாததைக் காந்தி தலையில் கட்டுகிறார்கள். ஷேக்ஸ்பியர் பாடு இன்னும் மோசம். பத்து வேண்டாம், இரண்டு போதும். யார் சொன்னது, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இரண்டு. சொல் பிசகாமல் நினைவில் இருந்தால் குறிக்குள் போடலாம். கருத்து மட்டும் நினைவிருந்தால் குறி போடாமல், இன்னார் இவ்வாறு கருதினார் என்று எழுதிவிட்டுப் போகலாம். அதற்குத்தான் இருக்கிறதே, அப்பத்தாவின் அயற்கூற்று!

'பொய் சொல்லா மாணிக்கம்' பிற்பாடு என்ன ஆனார் என்று சொல்லவில்லையே? தமிழ் படித்தார், காரைக்குடி அழகப்பர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் பிறகு முதல்வராகவும் இருந்தார், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பிள்ளைகள் தமிழிலேயே படிக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் அவர். அவரே சங்க காலக் காதல் பாட்டுக்களைப் பற்றி இங்கிலீஷிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் எழுதியிருக்கிறார். தமிழை ஊன்றிப் படித்ததால் இங்கிலீஷ் கெட்டுப் போய்விடாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

தொடர்கதை படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி

பத்தியைப் படித்து விடை எழுதும் பகுதிக்கு வருவோம். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கேள்வியில் உள்ள ஒரு சொல்லை எடுத்துக் கொண்டு, பத்தியில் அது எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். சில சமயம் குருட்டு அதிர்ஷ்டத்தில் மார்க்கும் கிடைத்துவிடுகிறது. அதனால் பழக்கம் ஊறிப் போகிறது.

இதிலும் நீங்களே குரு. ஒரு தொடர்கதையின் இந்த வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது மைத்துனிதான், பாருங்கள், அடுத்த வாரம் தெரியும்" என்று சொல்கிறீர்களே, கதாசிரியர் அதை எங்கேயாவது எழுதியிருந்தாரா? இல்லை. மூன்றாவது வாரம் வந்த ஒரு வரியையும் ஏழாவது வாரம் வந்த ஒரு வரியையும் முடிச்சுப் போட்டு நீங்களாகக் கண்டுபிடித்தீர்கள். பரீட்சையில் கேட்பதும் அதுவேதான்.

முதலில் தமிழிலேயே பழக்குங்கள். உதாரணத்துக்கு ஒரு சிறு பத்தி:

'அழகப்பச் செட்டியார் 1909ஆம் ஆண்டு கோட்டையூரில் பிறந்தார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதற்கு 1948 ஜூலை 25ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார்.'

இதில் நாலு கேள்வி கேட்கலாம். அஸ்திவாரக் கல் நாட்டியவர் யார்? இது மேலாகவே கிடக்கிறது; எடுத்துக் கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது, 'அதற்கு' என்றால் எதற்கு? பணத்துக்கா, நிலத்துக்கா, நிலையத்துக்கா? ஒரு வாக்கியம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது, கல் நாட்டி எவ்வளவு காலம் கழித்துத் திறந்தார்கள்? இது எந்த வரியிலும் இல்லை. இரண்டு வரிகளைச் சேர்த்துக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலரை வருஷம் என்று வரும். நான்காவது, ராதாகிருஷ்ணன் அப்போது என்ன பதவியில் இருந்தார்? உபஜனாதிபதி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் பத்தியில் இல்லை! பத்தியில் இல்லாததைப் பத்தியிலிருந்து கேட்க மாட்டார்கள். நமக்குத் தெரியும் என்பதற்காக நாமாக எழுதவும் கூடாது. பிள்ளைகள் இந்த நாலு வகையையும் பிரித்தறியக் கற்றுக் கொண்டால், பத்தி தமிழில் இருந்தால் என்ன, இங்கிலீஷில் இருந்தால் என்ன?

தெரியாத சொல் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டாம். 'அஸ்திவாரம்' தெரியாத குழந்தைக்குக்கூட, 'கல் நாட்டினார்', பிறகு 'திறந்து வைத்தார்' என்பதைப் பார்த்தால் கட்டடத்தின் ஆரம்பம் என்று புரிந்துவிடும். கேள்விகளை முதலில் ஒரு தடவை படித்துவிட்டுப் பத்திக்குப் போவதும் நல்ல பழக்கம். சந்தைக்குப் போகுமுன் சாமான் பட்டியல் எழுதிக் கொள்கிறோம் அல்லவா?

விடை எழுதும்போது ஒரு கண்ணி இருக்கிறது. "வென் டிட் நேரு லே த ஸ்டோன்?" என்று கேட்டால், "நேரு டிட் லெய்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வியில் வரும் 'டிட்', பக்கத்திலுள்ள வினைச்சொல்லிடமிருந்து இறந்தகாலத்தைக் கடன் வாங்கியிருக்கிறது. விடையில் 'டிட்' வீட்டை விட்டுப் போகும்போது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் 'லே' மறுபடி 'லெய்ட்' ஆகிவிடுகிறது; 'டிட்' அங்கே இருக்காது. கடனும் வட்டியும் கரைத்துக் குடித்த செட்டிநாட்டுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு ஊரில் ஒரு ராஜா

சொல்ல மறந்த இரண்டு சின்ன விஷயங்கள். 'எ' எங்கே போடுவது, 'த' எங்கே போடுவது என்று குழந்தைகள் தவிப்பார்கள். தமிழில் இவை இல்லை என்று சொல்வது முக்கால் உண்மைதான். நீங்கள் ராத்திரி கதை சொல்லும்போது எப்படி ஆரம்பிக்கிறீர்கள்? "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு..." முதல் தடவை 'ஒரு', அறிமுகமான பிறகு 'அந்த'. இங்கிலீஷ் கதையில் முதல் தடவை 'எ கிங்'. பிறகு 'த கிங்'. எல்லா இடத்துக்கும் இது ஒத்து வராது. ஆனால் பெரும்பாலான இடத்தில் காப்பாற்றும்.

இன்னொன்று, அந்தப் பொல்லாத 'எஸ்'. 'த பாய் ரன்' என்று எழுதி மார்க் போகிறது. நிகழ்காலத்தில், ஒருவனானால் 'எஸ்' வினையில். பலரானால் 'எஸ்' பெயரில்: 'த பாய் ரன்ஸ்', 'த பாய்ஸ் ரன்.' இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 'எஸ்' என்று சொல்லி வையுங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது என்று ஆளுக்கு ஒரு வாலைத் தடுமாறாமல் ஒட்டத் தெரிந்த தமிழ்க் குழந்தைக்கு ஒரு 'எஸ்' எம்மாத்திரம்?

உங்களால் முடியாததும் உண்டு. எழுத்துக் கூட்டுவது, உச்சரிப்பது இவற்றுக்கெல்லாம் டீச்சரைத்தான் நம்ப வேண்டும். இப்போது கைப்பேசியைக் கேட்டால் அது முழு விடையையே எழுதிக் கொடுத்துவிடுகிறது. உச்சரிப்பைக் கேட்கவும், சொல்லுக்குப் பொருள் பார்க்கவும் தாராளமாக வைத்துக் கொள்ளலாம். விடையை மட்டும் வாங்க வேண்டாம். பரீட்சை மண்டபத்துக்குள் கைப்பேசி கூட வராது.

அழகப்பர் இங்கிலீஷ் இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். படிக்க வேண்டுமானால் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும் என்ற நிலையை மாற்ற, 1947இல் காரைக்குடியிலேயே கல்லூரி ஆரம்பித்தார். இன்று அங்கே பல்கலைக்கழகமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை ஊருக்குக் கொண்டு வர அவரைப் போன்ற ஒரு வள்ளல் வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வீட்டுக்குள் கொண்டு வர உங்களுடைய கால் மணி நேரம் போதும். திங்கட்கிழமை ஒரு சேதி. செவ்வாய்க்கிழமை ஒரு கதை. புதன்கிழமை ஒரு பத்தி. மற்ற நாட்களில் பிள்ளை அதையே இங்கிலீஷில் எழுதட்டும். எழுதியதை வாங்கிப் பாருங்கள். புரியாவிட்டால், "இதில் 'என்று' எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்வதற்காகவாவது அவன் புரிந்து கொண்டாக வேண்டும்.

இன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்புங்கள். பிள்ளை திரும்பி வந்ததும், அங்கே என்ன சொன்னான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். முதலில் தமிழில், அப்புறம் இங்கிலீஷில். அடுப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்; ஒன்றும் தீயாது.